மழை, மின்சார ரயில், இருசக்கர வண்டி: உழைக்கும் மெசஞ்சர் பையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தாம்பரம்_பயணி

நண்பர்களுக்கு வணக்கம். அலுவலகத்துக்குத் தினமும் கொண்டுசெல்ல, ஒற்றை வாரில் தோளில் குறுக்காக மாட்டும் நல்ல மெசஞ்சர் பை ஒன்று தேடுகிறேன். தாம்பரத்திலிருந்து கோட்டை நிலையம் வரை மின்சார ரயில், அங்கிருந்து நடை. களப்பணி இருக்கும் நாட்களில் இருசக்கர வண்டி. உள்ளே வைப்பவை 14 அங்குல மடிக்கணினி, அதன் சார்ஜர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, ஏ4 கோப்பு, மடக்குக் குடை ஆகியவை.

இப்போது என்னிடம் உள்ள பையின் துணியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மாம்பலத்தில் கூட்டம் ஏறியபோது தோள்வாரின் கொக்கி இரண்டாக உடைந்து, பை தரையில் விழுந்தது. விற்றவர்களிடம் கேட்டால், உத்தரவாதம் தையலுக்கு மட்டும்தான், உலோகப் பாகங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். அதே கடையின் விளம்பரத்தில் 'ராணுவத் தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஐந்தாயிரம் ரூபாய் வரை செலவிடத் தயார். தோலா, கேன்வாஸா, நைலானா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அதிகாரிகளின் மேசைமுன் கொண்டுபோய் வைத்தால் கல்லூரி மாணவரின் பைபோலத் தெரியக் கூடாது. ஐப்பசி மழையையும் தாங்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தையல்மேசை

மதுரையில் பை தைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உங்கள் பைக்கு நேர்ந்ததுதான் என் மேசைக்கு வரும் பைகளில் பெரும்பாலானவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது. துணி கிழிந்து வரும் பை அபூர்வம். வார் பிடுங்கிக்கொண்டு வரும், கொக்கி உடைந்து வரும், ஜிப் பிளந்து வரும், அடிமூலை தேய்ந்து ஓட்டையாகி வரும், லைனிங் உரிந்து கொட்டிக்கொண்டு வரும். ஆகவே கடைக்காரர் முகப்பைக் காட்டும்போது, நீங்கள் பையைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வார் பையின் உடலோடு சேரும் இடம். மலிவான பைகளில் வாரின் நுனியைப் பக்கவாட்டுத் தையலுக்குள் அரை அங்குலம் செருகி, ஒரே வரிசைத் தையலில் முடித்துவிடுவார்கள். மொத்த எடையும் அந்த ஒரு வரிசையில் தொங்கும். நன்றாகத் தைத்த பையில், நாடா உடலின் மீது குறைந்தது இரண்டு அங்குலமாவது ஏறி, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையலும் விழுந்திருக்கும். உட்புறத்தில் அதே இடத்தில் இன்னொரு துண்டு நாடாவோ கனமான துணியோ வைத்துத் தைத்திருப்பார்கள். இந்த உள்துண்டு இல்லாவிட்டால் தையல் எவ்வளவு வலுவாக இருந்தாலும், கடைசியில் துணியைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

அடுத்தது உள்விளிம்பு. துணியின் வெட்டுமுனை வெறுமனே நூல் நூலாகத் தெரிந்தால், அந்தப் பை சில மாதங்களில் உள்ளேயிருந்து பிரியத் தொடங்கும். விளிம்பை மடித்து நாடா வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் வலு அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். துணிப்பைக்கு அது ஓரளவு சரி. தோலில் மிக நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாளில் இட்ட துளைபோலாகி, இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். தோல் பைக்கு ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும், நூல்தான் கனமாக இருக்க வேண்டும்.

கொக்கியைப் பற்றி: சந்தையில் பளபளவென்று வருபவற்றில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கொக்கி சுழலும் கழுத்துப் பகுதியில் அவை மிக மெல்லியவை, அங்கேதான் உடையும். முறிந்த இடத்தைப் பாருங்கள், மணல் மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. சென்னைக் கடற்காற்றிலும் வியர்வையிலும் துருப்பிடிக்கும். பித்தளையிலும் துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் பித்தளை கையில் கனக்கும், கண்ணில் படாத இடத்தில் சுரண்டினால் மஞ்சள் தெரியும்.

ஜிப்பை இழுத்து நகர்த்தும் ரன்னரின் பின்புறத்தில் பொதுவாக 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். பல் மூடியிருக்கும்போது அதன் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பிரதான வாய்க்கு 8 அல்லது 10, உள்பைகளுக்கு 5 என்பது என் கணக்கு. ஜிப் மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டு வந்தால் பையைத் தூக்கி எறியாதீர்கள்; பெரும்பாலும் பல் போயிருக்காது, ரன்னர்தான் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றச் சில நிமிடங்கள் போதும், செலவும் சொற்பம்.

கணக்குப்பிள்ளை

பையின் வலுவைப் பற்றி ஐயா சொன்னதில் மறுப்பு இல்லை. தோளின் வலுவையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்வோம். 14 அங்குல மடிக்கணினி சுமார் 1.4 கிலோ, சார்ஜர் 300 கிராம், தண்ணீர் பாட்டிலோடு 1.1 கிலோ, நிரம்பிய சாப்பாட்டு டப்பா 800 கிராம், கோப்பும் குடையும் சேர்ந்து 700 கிராம். பையே ஒரு கிலோ என்று வைத்தால் மொத்தம் 5.3 கிலோ ஆகிறது. தடித்த தோல் பையாக இருந்தால் ஆறு கிலோவைத் தாண்டிவிடும்.

மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை (2020) மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது, அதுவும் இரு தோளிலும் மாட்டும் பைக்கு. 65 கிலோ எடையுள்ள பெரியவர் அதே அளவுகோலை வைத்துக்கொண்டால் 6.5 கிலோ வருகிறது. ஆனால் நீங்கள் முழுச் சுமையையும் ஒரே தோளில் ஏற்றுகிறீர்கள், தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டும் வருகிறீர்கள். என் யோசனை, முதுகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். மெசஞ்சர் பைதான் வேண்டும் என்றால், பாட்டிலை அரை லிட்டராகக் குறைத்து, சார்ஜர் ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள். அதிலேயே முக்கால் கிலோவுக்கு மேல் குறைகிறது.

நெடுவழி

முதுகுப்பைக்காரர்கள் இந்த உரையாடல் இழைக்குள் எப்போது வருவார்கள் என்று காத்திருந்தேன். கூட்டமான மின்சார ரயிலில் முதுகுப்பை மாட்டியவர் திரும்பினால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும், இல்லையென்றால் கழற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். மெசஞ்சர் பையை ஒரு சுழற்றில் முன்னுக்குக் கொண்டுவரலாம்.

இருசக்கர வண்டிக்கு மட்டும் சில எச்சரிக்கைகள். வாரைத் தளர்வாக விட்டு இடுப்புக்குக் கீழே தொங்கவிடாதீர்கள். வளைவில் சாயும்போது பை முதுகிலிருந்து நழுவி விலாப்பக்கம் வந்து தொங்கும், சட்டென்று பிரேக் பிடித்தால் டேங்கின்மேல் வந்து கைப்பிடியைத் தடுக்கும். வாரை இறுக்கி, பையின் அடி இடுப்பெலும்புக்கு மேலே வருமாறு முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். நல்ல பைகளில் அக்குளுக்குக் கீழே வந்து பிரதான வாரோடு சேரும் மெல்லிய இரண்டாவது பட்டை ஒன்று இருக்கும். வண்டி ஓட்டுபவர் அது இல்லாத பையை வாங்குவதில் அர்த்தமில்லை. வாரை இறுக்கிய பிறகு மிஞ்சும் வாலை எங்கேயாவது செருகிவிடுங்கள். அது செயினிலோ சக்கரத்திலோ சிக்குவது வேடிக்கையான விஷயம் அல்ல.

சூரிச்_மழை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது சூரிச்சில் வசிக்கிறேன். வருடம் முழுவதும் துவிச்சக்கர வண்டியில்தான் (சைக்கிள்) வேலைக்குப் போகிறேன் என்பதால், இவ்வகைப் பைகள் எதற்காக இந்த உருவத்தைப் பெற்றன என்பதைச் சொல்வது உங்கள் தெரிவுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இவை அலுவலகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. 1970களில் நியூயோர்க்கில் துவிச்சக்கர வண்டியில் கடிதங்களும் ஆவணங்களும் கொண்டுசென்ற தூதஞ்சல்காரர்களுக்கு டி மார்ட்டினி என்ற கன்வஸ் நிறுவனம் தைத்துக் கொடுத்த பைகளே இவற்றுக்கு முன்னோடி. 1983இல் மன்ஹாட்டன் போர்ட்டேஜ் வந்தது. 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் தூதஞ்சல்காரர் ஒருவரே தொடங்கியது டிம்பக்டூ. 1995இல் கொலராடோவில் தொடங்கிய குரோம், மகிழுந்தின் ஆசனப்பட்டிக் கொளுவியையே (பக்கிள்) வாரில் பொருத்திப் பெயர் பெற்றது. வண்டியை விட்டு இறங்காமலேயே பையை முன்னுக்குச் சுழற்றி, அகன்ற மூடியைத் தூக்கி, பொதியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதே அவர்களின் தேவை. ஒற்றை வாரும், ஜிப் இல்லாத பெரிய மூடியும், உள்ளே தார்ப்பாய்த் துணியும் இதனால்தான் வந்தன.

இந்த இழையைத் தொடங்கிய நண்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூலப் பைகளின் வாரில் கொக்கியே கிடையாது. வார் நேராக உடலில் தைக்கப்பட்டிருக்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் நடுவில் ஒரு கொளுவி இருக்கும். கழற்றி மாட்டும் கொக்கி, கைப்பெட்டியிலிருந்து வந்து இதனோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இங்கே சூரிச்சில் ஃபிரைட்டாக் என்ற பை மிகப் பிரபலம். 1993இல் மார்க்குஸ், டானியல் என்ற இரு சகோதரர்கள், பாரவூர்திகளில் (லாரி) பாவித்துக் கழித்த தார்ப்பாயை வெட்டி, மகிழுந்தின் ஆசனப்பட்டியை வாராகவும், துவிச்சக்கர வண்டியின் பழைய டியூபை விளிம்புக் கரையாகவும் வைத்துத் தைத்தார்கள். அவர்களின் முதல் வடிவம் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நான் அதைத்தான் பாவிக்கிறேன். மழைக்கு அசையாது, ஆனால் புதிதில் பலகைபோல விறைப்பாக இருக்கும், பாரவூர்தியின் மணமும் சில காலம் போகாது. உங்கள் விலைக்குள் அது அடங்காது என்றாலும், அந்தச் சேர்க்கையை உங்கள் ஊரில் தைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

ஆவாரம்பட்டை

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் துறையில் இருக்கிறேன். தோலைப் பற்றி யாரும் இதுவரை பேசாததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலின் வலு அதன் மேல் அடுக்கில் இருக்கிறது. அங்கே இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், கீழே போகப் போகத் தளர்ந்துவிடும். அந்த மேல் அடுக்கைத் தேய்க்காமல் அப்படியே வைத்திருப்பது ஃபுல் கிரெய்ன். மாட்டின் உடம்பில் இருந்த கீறலும் கொசுக்கடித் தழும்பும் அதில் தெரியும், அது குறை அல்ல. மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து நிறம் பூசுவது அடுத்த தரம். தடித்த தோலை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதியின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல்போல ரேகை அச்சடித்து விற்பது ஸ்பிலிட். தோல் தூளையும் பிசினையும் சேர்த்துத் தகடாக்குவது போண்டட். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை கடைசிக்கு முந்தியதற்கும் தாராளமாகக் குத்தப்படுகிறது. எனவே முத்திரையை விட்டுவிட்டு வெட்டுவிளிம்பைப் பாருங்கள்: இழை இழையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே உடம்பாக இருந்தால் நல்லது, மேலே மெல்லிய ஏடு தனியாகத் தெரிந்தால் அது பூச்சு. விரலால் மடித்து அழுத்தினால் நல்ல தோலில் நுண்சுருக்கம் விழுந்து, விட்டதும் மறையும்.

பதனிடுவதிலும் இரண்டு வழிகள் உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றில் பதனிடுவது நம்முடைய பழைய முறை. திண்டுக்கல், திருச்சி வட்டாரத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் அந்த வகை, புவிசார் குறியீடும் பெற்றது. அது விறைப்பாக இருப்பதால் பையின் உருவம் குலையாது, புழங்கப் புழங்க நிறம் ஆழ்ந்து அழகு கூடும். ஆனால் மழைத்துளி விழுந்தால் கறை நிற்கும், மூடிய அலமாரியில் கார்த்திகை மாதம் முழுவதும் கிடந்தால் வெள்ளைப் பூசணம் பூக்கும். பூசணம் பூத்தால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தயவுசெய்து யாரும் தடவாதீர்கள், கறைதான் மிஞ்சும்.

இணையத்தில் இப்போது அதிகம் விற்கும் தடித்த எருமைத் தோல் பைகள், மடித்தால் நிறம் வெளிறி, தடவினால் திரும்பும் எண்ணெய்த் தோலால் ஆனவை. பார்வைக்குப் பல காலம் புழங்கிய பைபோல அழகாக இருக்கும். காலியாகவே கனக்கும் என்பதால், கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைப் படித்த பிறகு, தினமும் ரயிலில் நின்று வரும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கே மனம் வரவில்லை. தோலில் பிழைக்கும் நான் இதைச் சொல்வதை என் முதலாளி படிக்காமல் இருக்க வேண்டும்.

தாம்பரம்_பயணி

அனைவருக்கும் நன்றி. உடைந்த கொக்கியை எடுத்துப் பார்த்தேன், தையல்மேசை ஐயா சொன்னபடியே முறிவு சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கிறது. தோலைக் கைவிட்டுத் துணிப் பக்கம் வரலாம் என்று தோன்றுகிறது. கடைகளில் 600டி, 1000டி, 1680டி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எண் பெரியதாக இருந்தால் நல்லதா? 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

பாவுநூல்

நெசவுத் துறையில் இருப்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆக, அது நூலின் பருமனைச் சொல்கிறதே தவிர, நூல் எதனால் ஆனது, எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. தளர நெய்த 1680டி பாலியஸ்டரைவிட நெருங்க நெய்த 1000டி நைலான் உராய்வை நெடுநாள் தாங்கும். கோர்டுரா என்று அறியப்படும் துணிகளில் நைலான் இழையைக் காற்றழுத்தத்தால் சுருள வைத்து நெய்கிறார்கள்; அதனால்தான் தொட்டால் பருத்திபோல லேசான சொரசொரப்பு இருக்கும். பாலிஸ்டிக் நைலான் என்பது இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் காப்பு மேலாடைக்காக உருவானது. 1050 டெனியர் நூலை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூடை முடைவதுபோல நெய்வது. இன்று பெட்டிக்கும் பைக்கும் அது பரவியிருக்கிறது, ஆனால் குண்டைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நைலானா, பாலியஸ்டரா என்ற கேள்விக்கு நம் ஊர்ச் சூழலில் ஒரே விடை இல்லை. உராய்வில் நைலான் வெல்லும். வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதிலும், ஈரத்தை உறிஞ்சாமல் இருப்பதிலும் பாலியஸ்டர் வெல்லும். காற்றிலுள்ள ஈரத்தில் நைலான் தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீதத்தை ஏற்கும், பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. தினமும் வண்டியில் வெயிலில் போகும் பை என்றால், நெருக்கமாக நெய்த நல்ல பாலியஸ்டரை நான் மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இனி மழை. துணி தண்ணீரைத் தடுப்பது நூலால் அல்ல, உட்புறத்தில் பூசிய பாலியூரித்தேன் (பி.யு.) படலத்தால். அந்தப் படலத்தில் ஊசி குத்திய துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். தையலின்மேல் உட்புறம் நாடா ஒட்டாத எந்தப் பையும் நெடுமழையில் கசியும். ஜிப்பும் கசியும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பூச்சு ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் வேதியியல் முறையில் சிதைவது. அலமாரியில் வைத்து மறந்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டுவதும், ஒரு வாடை வீசுவதும், கருப்புப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து புத்தகத்தில் அப்புவதும் இதுதான். பயன்படுத்தாமல் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். பி.யு. ரெக்சின் பைகள் சில மழைக்காலங்களில் தோலுரிவதும் இதே காரணத்தால். சூரிச் நண்பர் சொன்ன தார்ப்பாய் பி.வி.சி. பூச்சு கொண்டது, அது இப்படிச் சிதைவதில்லை. கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

மெழுகு பூசிய கேன்வாஸ் படத்தில் மிக அழகாக இருக்கும். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் சித்திரை வெயிலில் மெழுகு இளகிச் சட்டையில் ஒட்டும்.

மல்லிகைத்தெரு

நீங்கள் எல்லோரும் சட்டை போட்டவர்களின் கோணத்திலிருந்து மட்டுமே எழுதுகிறீர்கள். நான் கல்லூரி ஆசிரியை, தினமும் புடவை. சொரசொரப்பான நைலான் வார் பருத்திப் புடவையின் தோள்மடிப்பைத் தேய்த்து இழை எழுப்பிவிடும், பட்டாக இருந்தால் நூலையே இழுத்துவிடும். காரின் இருக்கைப்பட்டைபோல வழுவழுப்பாக நெய்த நாடா அப்படிச் செய்வதில்லை. குறுக்காக மாட்டும்போது வார் இரண்டு அங்குல அகலமாவது இருந்தால் தோளில் வெட்டாது.

சாயம் பற்றியும் யாரும் சொல்லவில்லை. கருப்பு வாரும் கரும்பழுப்புத் தோலும் வியர்வையில் நனைந்து வெள்ளைச் சட்டையில் இறங்கினால், அந்தச் சட்டை அத்தோடு போயிற்று. வாங்குவதற்குமுன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் வாரின் உட்புறத்தை இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பார்வைக்கு எது கௌரவமாக இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய எழுத்தில் நிறுவனப் பெயர் இல்லாமல், வெளியே தொங்கும் பட்டைகளும் வலைப் பைகளும் இல்லாமல், வைத்த இடத்தில் சரியாமல் நிமிர்ந்து நிற்கும் பை எந்த மேசைக்கும் பொருந்தும். அடர்சாம்பல், கருநீலம், ஆலிவ் ஆகிய நிறங்கள் அழுக்கையும் காட்டாது, கருப்பு நிறத்தைப்போலப் புழுதி படிந்தும் தெரியாது. உடம்புக்கு மிஞ்சிய அளவில் வாங்காதீர்கள். பையின் அகலம் உங்கள் முதுகின் அகலத்தைத் தாண்டினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சுமை தூக்குபவர்போலத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை

பத்திரிகைக்காரர்களும் தோழர்களும் கவிஞர்களும் காலங்காலமாக ஒரு ஜோல்னா பையோடு தமிழ்நாடு முழுவதையும் சுற்றி வந்திருக்கிறார்கள். கொக்கி இல்லை, ஜிப் இல்லை, உடைய ஒன்றுமே இல்லை. வார் தனியாக ஒட்ட வைத்ததும் அல்ல. பெரும்பாலும் பக்கத் துணியே மேலேறி வாராகிவிடும். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி

மடிக்கணினியை ஜோல்னா பையில் போட்டுக்கொண்டு திருவள்ளூர்ச் சாலையில் மழையில் வண்டி ஓட்டிவிட்டு வந்து எழுதுங்கள், நிச்சயம் சேர்த்துக்கொள்கிறோம்.

தாம்பரம்_பயணி

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெரியமேட்டில் பை தைத்துக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் பேசினேன். வெளியே அடர்சாம்பல் நிற 1000 டெனியர் பாலியஸ்டர், உள்ளே பி.வி.சி. தார்ப்பாய், மூடியின் விளிம்புக்கும் கைப்பிடிக்கும் மட்டும் மெல்லிய குரோம் தோல் என்று கேட்டிருக்கிறேன். கூலியும் பொருளும் சேர்த்து நான் நினைத்த தொகைக்குள்ளேயே முடிகிறது. தண்ணீர் பாட்டிலை அரை லிட்டராக்கிவிட்டேன். அலுவலகத்துக்கு ஒரு பழைய சார்ஜர் போய்விட்டது.

பட்டறைக்காரர் கொக்கி வைத்துத்தான் பழக்கம் என்கிறார். வாரை நேரடியாகத் தைத்துவிட்டால், பின்னால் வார் கெட்டுப்போகும்போது மாற்ற முடியாதே என்று கேட்கிறார். தையல்மேசை ஐயா என்ன சொல்கிறீர்கள்? மடிக்கணினி அறையின் அளவையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தையல்மேசை

தாராளமாக நேரடியாகத் தைக்கச் சொல்லுங்கள். அந்தத் தையலைப் பிரித்துப் புது நாடா வைப்பது கால்மணி நேர வேலை. கொக்கி உடைந்து கீழே விழுந்த கணினியைச் சரிசெய்வதைவிட எளிது. வாரைக் கழற்றிவிட்டுக் கைப்பெட்டியாகப் பிடித்துச் செல்லும் எண்ணம் இருந்தால் மட்டுமே கொக்கிக்கு வேலை உண்டு. நீளத்தை மாற்ற நடுவில் ஒரு உலோகப் பக்கிள் போதும். வாரின் நுனியை இரண்டாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எடை கூடும்போது பக்கிளிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

கணினி அறைக்கு '14 அங்குலம்' என்று சொல்லாதீர்கள். அது திரையின் மூலைவிட்ட அளவு. உடம்பு ஒவ்வொரு கணினிக்கும் மாறும். கணினியையே எடுத்துக்கொண்டு போய், அதை வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். அந்த அறை முதுகுப் பக்கச் சுவரில் இருக்க வேண்டும், அதன் அடி பையின் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே தொங்க வேண்டும். அடிவரை இறக்கித் தைத்தால், பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் மூலையில் அடி விழும். நடுவில் எத்தனை தடித்த ஃபோம் வைத்தாலும் பயனில்லை. சாப்பாட்டு டப்பாவுக்கு முன்பக்கத்தில் தனி அறை, அதன் லைனிங்கைப் பிரித்துக் கழுவும்படி வெல்க்ரோ வைத்துக் கேளுங்கள்.

மூடியின் இரு பக்கங்களிலும் பையின் வாய் திறந்து தெரியாதபடி, வாயின் ஓரங்களை உள்ளே மடித்துக் காதுபோல ஒரு துண்டு வைப்பார்கள். சாய்வான மழை அந்த வழியாகத்தான் நுழையும், மறந்துவிட வேண்டாம். தார்ப்பாய் வெளிர்நிறத்தில் கிடைத்தால் அதையே உள்ளே போடச் சொல்லுங்கள். கருப்பு உள்துணிக்குள் கருப்பு சார்ஜரைத் தேடுவது பெரிய பாடு.

தாம்பரம்_பயணி

அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஐயா. வெளிர் மஞ்சள் தார்ப்பாய் இருப்பதாகச் சொன்னார். கணினியோடு சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.